யூனிக்ஸின் கதை – 12: போவதும் வருவதும்

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கும் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் இன்றும் ஆங்கிலத்தில் புழங்குகிறது. மற்றவற்றைச் சரித்திரம் படிப்பவர்களே நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த இதழின் கதையும் ஓர் ஒல்லாந்துக்காரரிடம்தான் தொடங்குகிறது, அதுவும் அசல் றொட்டர்டாமில். அங்குள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழக முகவரியோடு போல் கிரானன்பேர்க் 1991இல் ஒரு சிறு கருவியை எழுதினார். அதன் பெயர் எஸ்-ட்ரேஸ். ஒரு செய்நிரல் ஓடும்போது பணிசெயல் முறைமையிடம் என்னென்ன கேட்கிறது, என்ன பதில் பெறுகிறது என்பதை வரிவரியாக எழுதிக் காட்டுவதே அதன் வேலை.

அங்கே போவதற்கு முன் சென்ற இதழை ஒருதரம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1971 நவம்பர் 3 என்று திகதியிட்ட யூனிக்ஸ் முதற் கையேட்டில், முதலாவது பகுதி கட்டளைகளுக்கும் இரண்டாவது பகுதி முறைமை அழைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுகூடத்தில் வகுத்த அந்த ஒழுங்கு அரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. இன்று எந்த லினக்ஸ் கணினியிலும் கையேட்டின் இரண்டாம் பகுதியைத் திறந்தால் ஓப்பன், ரீட், ரைட், குளோஸ் என்ற அதே பெயர்கள் நிற்கும். முப்பது சொச்சமாக இருந்த அழைப்புகள் லினக்ஸில் முந்நூறைத் தாண்டிவிட்டன. அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்நிரல் என்பது தனக்கு ஒதுக்கிய நினைவகத்துக்குள் கூட்டலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம். அதற்கு வெளியே ஒன்றையும் தொட முடியாது. வட்டில் இருக்கும் கோப்பு, திரை, விசைப்பலகை, வலையமைப்பு எல்லாமே பணிசெயல் முறைமையின் கருவான கெர்னலின் ஆட்சிக்குள் இருக்கின்றன. வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவருக்குப் பண்ணைப் பாலம் எப்படியோ, செய்நிரலுக்கு முறைமை அழைப்பு அப்படி. போர்க்காலத்தில் அந்த வீதியால் போய்வந்தவர்களுக்குக் காவலரண் தெரியும். போகும்போது ஒருமுறை மறிப்பார்கள், வரும்போது ஒருமுறை மறிப்பார்கள். யார், எங்கே, என்ன கொண்டுபோகிறீர் என்பது பதிவாகும். எஸ்-ட்ரேஸும் அப்படியே செய்கிறது. அழைப்பு கெர்னலுக்குள் நுழையும்போது செய்நிரலை நிறுத்தி, அது எந்த அழைப்பு, கூடக் கொண்டுவந்தது என்ன என்று குறிக்கும். பதிலோடு திரும்பும்போது மறுபடி நிறுத்தி, கிடைத்த விடையைச் சமக்குறிக்கு வலப்பக்கம் எழுதும். ஒரு வரிக்கு இரண்டு மறிப்பு. இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மறிப்பதற்கான அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் பீ-ட்ரேஸ் என்ற முறைமை அழைப்பு சேர்ந்தது. ஒரு செய்நிரல் தான் பெற்ற பிள்ளைச் செய்நிரலை நிறுத்தி, அதன் நினைவகத்தைப் பார்க்கவும் மாற்றவும் அது வழி திறந்தது. நோக்கம் பிழை திருத்துவது. குறித்த இடத்தில் நிறுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டு, பிறகு ஓடவிடு. அழகான வடிவமைப்பு என்று யாரும் அதைப் புகழ்ந்ததில்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய்வந்து நினைவகத்தை வாசிக்க வேண்டும். ஆனால் விசித்திரம் பாருங்கள், அழகானவை பல வழக்கொழிந்துபோக, இது இன்றைய லினக்ஸிலும் உயிரோடு இருக்கிறது. எஸ்-ட்ரேஸ் இன்றும் அதன் தோளில்தான் நிற்கிறது.

அழகான மாற்று வராமலில்லை. பெல் ஆய்வுகூடத்தின் ரொம் கிலியன் 1984இல் வேறொரு வழி காட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செய்நிரலையும் ஒரு கோப்பாக்கி, ப்ரொக் என்ற கோப்புறையில் வைத்துவிட்டால் போதும். சாதாரணக் கோப்பை வாசிப்பதுபோல அதன் நினைவகத்தை வாசிக்கலாம். எட்டாம் பதிப்பில் இருந்த இந்த எண்ணத்தை றொஜர் போக்னரும் றொன் கோம்ஸும் சிஸ்டம் ஐந்து, நான்காம் வெளியீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். அதன்மேல் போக்னர் கட்டிய கருவி ட்ரஸ். முறைமை அழைப்புகளைப் பார்ப்பதில் அந்தக் காலத்தில் அதுவே முதல்தரம். சன் நிறுவனத்தின் சன்-ஓஎஸ்ஸில் ட்ரேஸ் என்று எளிமையான ஒரு கட்டளை இருந்தது. கிரானன்பேர்க் முன்மாதிரியாக எடுத்தது அந்த எளியதைத்தான்.

1991 பல விடயங்கள் ஒன்றாக வந்து விழுந்த ஆண்டு. ஓகஸ்ட் 25ஆம் திகதி ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பொழுதுபோக்கு முறைமையை உலகுக்கு அறிவித்தார். ஒக்டோபரில் யுனிகோட் முதற் பதிப்பு வந்தது. அதில் தமிழும் இருந்தது. அதே ஆண்டு வேலணையில் மின்சாரம் இல்லை. 1990இல் தீவகத்துக்குள் இராணுவம் இறங்கியபின் பெரும்பாலான குடும்பங்கள் யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டன; பிறகு அங்கிருந்து கொழும்பு, ரொறன்ரோ, பாரிஸ் என்று சிதறின. யுனிகோட் அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இடம் ஒதுக்கிய மாதங்களில், அந்த எழுத்தில் எழுதிய உறுதிகளும் ஓலைகளும் பூட்டிய வீடுகளுக்குள் கிடந்தன. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள். வரலாறு எழுதுகிறவனுக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

1992இல் பிராங்கோ லங்கெஸ்டர் எஸ்-ட்ரேஸை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். இவருடைய முகவரியும் ஒல்லாந்துதான். கருவியை மாற்றி எழுதியது பாதி வேலை. கெர்னலில் அதற்கான வசதியே இருக்கவில்லை என்பதால் அதையும் அவரே எழுதினார். 1993இல் ரிக் ஸ்லாட்கி சன்-ஓஎஸ், லினக்ஸ் கிளைகள் இரண்டையும் ஒன்றாக்கி, ட்ரஸ்ஸிலிருந்த வசதிகள் பலவற்றைச் சேர்த்தார். எஸ்-ட்ரேஸ் கையேட்டின் வரலாற்றுப் பகுதியை எழுதியதும் அவர்தான். ஆண்டாண்டாகத் தன் திருப்பணிகளைப் படர்க்கையில் அடுக்கிக்கொண்டு வந்து, 1995இல் தன்னைப் பற்றியே இப்படி எழுதி அலுத்துவிட்டதென்று முடித்திருப்பார். கையேடுகளில் நகைச்சுவை அபூர்வம். பிறகு விச்சர்ட் அக்கர்மன், 2002இலிருந்து றோலண்ட் மக்ராத், 2009இலிருந்து டிமித்ரி லெவின் என்று பொறுப்பு கைமாறியது. 2012இல் லினக்ஸ் தவிர்ந்த மற்ற முறைமைகளுக்கான பகுதிகள் நீக்கப்பட்டன. சன்-ஓஎஸ்ஸில் பிறந்த பிள்ளை பிறந்த வீட்டோடு உறவை முறித்துக்கொண்டது. 2019இலிருந்து அதன் பதிப்பு எண்களும் லினக்ஸ் எண்களோடு சேர்ந்தே நடக்கின்றன.

பெயர்கள் போதும். கருவி என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். ஒரு சிறு கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை எஸ்-ட்ரேஸோடு ஓட்டுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பது நாலைந்து வரிகள். வருவதோ சில டசின். முதல் வரி எக்செக்-வி-ஈ: இந்தச் செய்நிரலை ஓட்டு. பிறகு நினைவகம் கேட்கும் அழைப்புகள், சி நூலகத்தைத் தேடித் திறக்கும் அழைப்புகள், மொழி அமைப்பைத் தேடும் அழைப்புகள். இவ்வளவும் முடிந்த பிறகே உங்கள் கோப்பின் பெயர் ஒரு வரியில் தலைகாட்டும். ஓப்பன்-அட், விடை 3. பூச்சியமும் ஒன்றும் இரண்டும் ஏற்கெனவே உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச் செய்திக்கும் போய்விட்டதால் கோப்புக்கு மூன்று. மூன்றிலிருந்து ரீட், ஒன்றுக்கு ரைட். மறுபடி மூன்றிலிருந்து ரீட். விடை பூச்சியம் என்றால் கோப்பு முடிந்தது. குளோஸ். கதை முடிந்தது.

இந்த மூன்று நான்கு வரிகளைப் பார்த்தவருக்குப் பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காத ஒன்று விளங்கிவிடும். திரையில் எழுதுவதும் கோப்பில் எழுதுவதும் கெர்னலுக்கு ஒன்றுதான். மாறுவது அந்த இலக்கம் மட்டுமே. உயர்தர மாணவர்களுக்கு முறைமை அழைப்பை வரைபடம் போட்டு விளக்குவதைவிட இதைக் காட்டுவது நல்லதென்பது என் அபிப்பிராயம். வரைபடத்தை மனனம் பண்ணலாம். இதைப் பண்ண முடியாது, பார்க்கத்தான் வேண்டும்.

வேலை செய்கிறவர்கள் எஸ்-ட்ரேஸை எடுப்பது பெரும்பாலும் ஏதோ ஒன்று ஓட மறுக்கும்போது. செய்நிரல் "திறக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டுச் செத்துவிடும். எதைத் திறக்க முடியவில்லை என்று சொல்லாது. எஸ்-ட்ரேஸில் அது மறைக்க முடியாத விடயம். எந்தப் பாதையில் தேடியது, விடை கழித்தல் ஒன்று, காரணம் கோப்பு இல்லை அல்லது அனுமதி இல்லை, எல்லாம் ஒரே வரியில் இருக்கும். கணினியின் மொழியை இலங்கைத் தமிழ் என்று வைத்துப் பாருங்கள். செய்திகளின் மொழிபெயர்ப்பைத் தேடும் நூலகம் முதலில் இலங்கைத் தமிழுக்கான கோப்புறையைத் தட்டும். இல்லை என்று விடை வரும். எழுத்துக் குறிமுறைப் பெயரைச் சேர்த்தும் விட்டும் பார்க்கும். பிறகு நாட்டுப் பெயரைக் களைந்து, பொதுவான தமிழ்க் கோப்புறைக்குப் போகும். அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலம். நம் கணினி ஏன் தமிழில் பேசவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடை எங்கும் கிடைக்காது: எந்தப் பெயரில், எந்த இடத்தில், எந்தக் கோப்பு இல்லை என்பது வரை தெரிந்துவிடும்.

இப்போது ஊர்ப் பெயருக்கு வருவோம். எக்கோ கட்டளையிடம் வேலணை என்று எழுதச் சொல்லி, எஸ்-ட்ரேஸோடு ஓட்டினால் ரைட் வரியில் தமிழைக் காண மாட்டீர்கள். சாய்கோடுகளோடு மும்மூன்று இலக்கமாக எண்கள் நிற்கும். 340 256 265 என்பது வகரம். 340 257 207 என்பது ஏகாரக் கொம்பு. 340 256 262 லகரம், 340 256 243 ணகரம், 340 257 210 ஐகாரக் குறி. எட்டை அடியாகக் கொண்ட எண்கள் இவை. எழுதுகிற நமக்கு வேலணை மூன்றெழுத்து. யுனிகோட்டுக்கு அது ஐந்து குறிகள். கெர்னலுக்குப் பதினைந்து பைற்று. வரிமுடிவையும் சேர்த்துப் பதினாறு. சமக்குறிக்கு வலப்பக்கம் 16 என்று நிற்பது அதுதான்.

கொஞ்சம் பழகினால் இந்த எண்களை வாசிக்கலாம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 340இல் தொடங்கி, அடுத்தது 256 அல்லது 257 ஆக இருக்கும். அடுத்தது 266 அல்லது 267 என்றால் அது சிங்களம். இலங்கையில் மும்மொழிக் கணினிகளோடு மாரடிக்கிறவர்களுக்கு இது உதவும். கெட்டுப்போன கோப்பில் எது எந்த மொழி என்பதை எழுத்துரு எதுவுமில்லாமலே சொல்லிவிடலாம்.

அதே வேலணையை பாமினியில் எழுதிய பழைய கோப்பொன்று இருந்தால்? எஸ்-ட்ரேஸ் இப்போது ஐந்து ஆங்கில எழுத்துகளைக் காட்டும்: பெரிய என், சிறிய டி, வை, ஐ, இசட். பாமினி எழுத்துரு செய்தது அவ்வளவுதான். ஆங்கில எழுத்தின் குறியை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் தமிழாக்கியது. என் என்பது ஏகாரக் கொம்பு, டி என்பது வகரம். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் கொம்பு முந்தி வருகிறது. யுனிகோட்டில் வகரம் முந்தி, கொம்பு பிந்தி. வாயால் சொல்லும் ஒழுங்கு. தட்டச்சுப் பொறியின் பழக்கத்தோடு வளர்ந்த தலைமுறைக்கும் கைபேசியோடு வளர்ந்த தலைமுறைக்கும் இடையிலுள்ள இடைவெளி முழுவதும் இந்த இரண்டு ரைட் வரிகளில் இருக்கிறது. 2008இல் இலங்கைத் தர நிறுவனம் தமிழுக்கான 1326ஆம் இலக்கத் தரத்தை யுனிகோட்டை ஒட்டி வெளியிட்ட பிறகும், பாமினிக் கோப்புகள் நம்மைவிட்டுப் போகவில்லை. கெர்னல் இரண்டையும் ஒரே முகத்தோடுதான் எழுதிக் கொடுத்தது. அதற்கு ஐந்து பைற்றும் பைற்றுத்தான், பதினைந்தும் பைற்றுத்தான்.

எஸ்-ட்ரேஸ் ஏன் தமிழைத் தமிழாகக் காட்டுவதில்லை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபத்துக்கு முன் திகதிகளைப் பார்க்க வேண்டும். எஸ்-ட்ரேஸ் பிறந்தது 1991. இன்று நாம் தமிழைச் சேமிக்கும் யுடிஎப்-8 குறிமுறையை கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்தது 1992 செப்ரெம்பரில், நியூ ஜேர்சி உணவகமொன்றின் மேசைவிரிப்புத் தாளில். முறைமை அழைப்பை வகுத்தவரே, இருபது ஆண்டுக்குப் பிறகு அதனூடாக உலக மொழிகள் போய்வரும் வழியையும் வகுத்திருக்கிறார். பழைய அழைப்புகள் ஒன்றையும் மாற்றாமலே அவை போய்வர முடிந்ததற்குக் காரணம், அவர் அவற்றுக்கு மொழியறிவே கொடுக்காததுதான். கெர்னலுக்குள் போகும் பைற்றுகள் தமிழா, படமா, பாட்டா என்று எஸ்-ட்ரேஸுக்குத் தெரிய வழியில்லை. ஊகித்து எழுதுவதைவிட எண்ணை எழுதுவது நேர்மை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறையாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. எந்தச் சரத்தையும் முதல் 32 பைற்றோடு வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைப்பது அதன் வழக்கம். ஆங்கிலத்துக்கு அது 32 எழுத்து. தமிழுக்குப் பத்துக் குறிகளும், பதினோராவதின் மூன்றில் இரண்டு பங்கும். எழுத்தின் நடுவிலேயே கத்தி விழுகிறது. எஸ் என்ற தெரிவைக் கொடுத்து நீளத்தைக் கூட்டலாம். ஆனாலும் இயல்பான அளவு யாரை நினைத்து வைக்கப்பட்டதென்பது தெரிகிறது.

பண்ணையில் நின்றால் தீவகத்திலிருந்து போகும் எல்லோரையும் பார்த்துவிடலாமா? முடியாது. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் படகுப்பாதை இருக்கிறது. எஸ்-ட்ரேஸுக்கும் அப்படிப் பார்வைக்குத் தப்பும் வழிகள் உண்டு. நேரம் என்ன என்று செய்நிரல்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால், லினக்ஸ் அந்த விடையைச் செய்நிரலின் நினைவகத்திலேயே வாசிக்கும்படி ஒரு சிறு பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறது. கெர்னலுக்குள் போகவே தேவையில்லை. ஆகவே பதிவும் இல்லை. கோப்பை எம்-மேப் மூலம் நினைவகத்தில் விரித்துவிட்டால், அதன்பின் நடக்கும் வாசிப்பு எதுவும் வரியாக வராது. பதிவில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மறிப்புக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் இருமுறை நிறுத்தி, பார்ப்பவரிடம் கைமாற்றி, திரும்ப ஓடவிட வேண்டும். 2014இல் பிரெண்டன் கிரெக் ஒவ்வொரு பைற்றாக நகல் எடுக்கும் ஒரு செய்நிரலை வேண்டுமென்றே தேர்ந்து அளந்தார். எஸ்-ட்ரேஸின் கீழ் அது 442 மடங்கு மெதுவாக ஓடியது. அதிலும் வேடிக்கை, அவர் கண்காணிக்கச் சொன்ன அழைப்பை அந்தச் செய்நிரல் ஒருதரம்கூடப் பயன்படுத்தவில்லை. வேண்டாதவர்களையும் மறித்துப் பார்த்துத்தான் வேண்டாதவர்கள் என்று தெரிந்துகொண்டது. இந்த வீண் மறிப்பைத் தவிர்க்கும் தெரிவு 2019இல் 5.3ஆம் பதிப்பில்தான் வந்தது. ஆயிரம் பேர் பயன்படுத்தும் சேவையகத்தில் யோசிக்காமல் எஸ்-ட்ரேஸைக் கொளுவுவது பகல் பத்து மணிக்குப் பண்ணை வீதியை மூடுவதற்குச் சமம்.

பார்ப்பதற்கு யாருக்கு உரிமை என்ற கேள்வி பிந்தித்தான் எழுந்தது. கடவுச்சொல்லை நீங்கள் தட்டும்போது அது ரீட் வரியில் அப்படியே தெரியும். நீண்டகாலமாக ஒரே பயனரின் செய்நிரல்கள் ஒன்றையொன்று தாராளமாக எட்டிப் பார்க்கலாம் என்றே விதி இருந்தது. ஒரு செய்நிரல் கெட்டுப்போனால் மற்ற எல்லாவற்றின் இரகசியமும் அதன் கையில். 2010இல் வந்த உபுண்டு 10.10, தான் பெற்ற பிள்ளையைத் தவிர வேறு செய்நிரலைப் பின்தொடர்வதை இயல்பாகத் தடுத்தது. யாமா என்ற பெயரில் அந்தத் தடை 2012இல் லினக்ஸ் 3.4உடன் பொதுக் கெர்னலுக்குள் வந்தது.

எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டெபானி பொரெஸ்டும் அவருடன் இருந்தவர்களும் 1996இல் எஸ்-ட்ரேஸ் பதிவுகளைக் கொண்டு காவல் வேலை பார்க்க முயன்றார்கள். மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் செய்நிரல் ஒழுங்காக ஓடும்போது எழும் அழைப்புகளைச் சிறு சிறு தொடர்களாகப் பிரித்துச் சேர்த்துவைத்தார்கள். பிறகு யாராவது அதற்குள் புகுந்தால், முன்பு கண்டிராத தொடர்கள் தோன்றுகின்றனவா என்று பார்த்தார்கள். தோன்றின. என்ன எழுதுகிறது, யாருக்கு எழுதுகிறது என்பவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அழைப்புகளின் ஒழுங்கை மட்டும் வைத்தே ஊடுருவலைக் கண்டுபிடிக்க முடிந்தது. உடலின் நோயெதிர்ப்பு தன்னையும் பிறனையும் பிரித்தறிவதை அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.

வீட்டில் லினக்ஸ் கணினி இருக்கிற வாசகர்கள் அடுத்த இதழுக்கு முன் ஒருமுறை எக்கோவை எஸ்-ட்ரேஸோடு ஓட்டி, தங்கள் ஊர்ப் பெயரை எழுதச் சொல்லிப் பாருங்கள். புங்குடுதீவுக்காரர் நயினாதீவுக்காரரைவிட எத்தனை பைற்று கூட என்று கடைசி வரிகள் சொல்லும். நிறுத்தாமலே பார்க்க முடியாதா என்ற கேள்விக்கு சன் நிறுவனத்தின் மூன்று பொறியியலாளர் கண்ட விடைதான் டி-ட்ரேஸ். 2005 ஜனவரியில் சொலாரிஸ் 10 உடன் வெளிவந்த அந்தக் கருவியின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)